வாத்துக் குஞ்சு அல்ல, முக்குளிப்பான்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தனியே மிதக்கும் சிறு பறவையைப் பார்த்து, தாயைப் பிரிந்த வாத்துக் குஞ்சு என்று பலர் பரிதாபப்படுகிறார்கள். அலகைக் கவனியுங்கள். தட்டையாக இல்லாமல் கூராக இருந்தால் அது முக்குளிப்பான். வாத்து இனமே அல்ல. வால் இருப்பதே தெரியாது. இனப்பெருக்கக் காலத்தில் கழுத்து செம்பழுப்பாகும், வாயோரம் மஞ்சள் பொட்டு பளிச்சிடும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா வரை பரவியிருந்தாலும் நம் ஏரிகளில் ஆண்டு முழுவதும் உண்டு.

மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இருபது வரை எண்ணியபடி சுற்றிலும் பாருங்கள். சில மீட்டர் தள்ளித்தான் எழும்பும். மிதக்கும் செடிக் குவியல் தென்பட்டால் தயவுசெய்து நெருங்காதீர்கள், அது கூடாக இருக்கலாம். ஆபத்தென்று தோன்றினால் முட்டைகளைக் களைகளால் மூடிவிட்டு நழுவிவிடும். குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்துவதைக் கண்டுவிட்டால் வீடு திரும்ப மனமே வராது.