யானைத் தடத்தில் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்ஸ்வானாவின் கிழக்கு மூலையில், லிம்போப்போ ஆறும் ஷாஷே ஆறும் கூடும் இடத்தை ஒட்டி, துலி என்ற வறண்ட காட்டுப்பகுதி இருக்கிறது. அங்குள்ள மஷாட்டு தனியார் வனக்காப்பகத்தில் கைடுடன் மவுன்டன் பைக்கில் காட்டுக்குள் போகலாம். ஓட்டும் பாதை யாரும் வெட்டிப் போட்டதல்ல. தண்ணீருக்குப் போய் வரும் யானைகள் தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டாக்கிய ஒற்றையடித் தடம். அதில் சைக்கிள் ஓட்டுவது உலகத்திலேயே அரிதான சந்தோஷங்களில் ஒன்று. அதைக் கெடுத்துக்கொள்ளவும் சில வழிகள் இருக்கின்றன.

பெரிய தவறு, “கையில் பைக் இருக்கிறதே, ஏதாவது வந்தால் மிதித்துத் தப்பிவிடலாம்” என்ற நினைப்பு. தார் ரோட்டில் நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சரி, காய்ந்த ஆற்று மணலில் முன்சக்கரம் புதைந்துவிட்டால் நடக்கிற வேகம்கூடக் கிடைக்காது. யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாராளமாக வரும். சிங்கத்தின் கதையே வேறு. ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம், முதுகு காட்டி மிதிக்கிற மனிதனும் அதற்கு ஓடுகிற இரைதான். அதனால் கைடு கையை உயர்த்தினால் உடனே நிற்க வேண்டும், பைக்கை விட்டு இறங்க வேண்டும், எல்லோரும் நெருக்கமாகச் சேர்ந்து நிற்க வேண்டும். பைக்கை உடம்புக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் சொல்கிற திசையில் மெதுவாகப் பின்வாங்குங்கள். புறப்படுவதற்கு முன் அவர் பத்து நிமிடம் நின்று விளக்குவது இதைத்தான். அந்த நேரத்தில் ஹெல்மெட் கேமராவைச் சரிசெய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

சைக்கிளால் வரும் இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜீப் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். நடந்து போனால் மெதுவாகப் போவோம், விலங்குக்கு நம்மைக் கவனிக்க நேரம் கிடைக்கும். சைக்கிளோ சத்தமில்லாமல் வேகமாக வருகிறது. மொபானே புதர் வளைவைத் திரும்பினால் குட்டியோடு நிற்கும் யானை பத்தடியில் இருக்கலாம். திடுக்கிட்ட விலங்குதான் பாயும். எனவே கைடை முந்தாதீர்கள், முன்னால் போகிறவரிடமிருந்து ரொம்பவும் பின்தங்காதீர்கள். வளைவுகளில் கைடு வேகத்தைக் குறைப்பதும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதும் இதற்காகத்தான். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தில் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலியும் அமைதியான காட்டில் பளிச்சென்று கேட்கும். விலங்குக்குப் பக்கத்தில் பைக்கை உருட்டாமல் நிறுத்திவிடுவது நல்லது. காதில் இயர்போன் கூடவே கூடாது.

யானையின் மனநிலையை நாமே கணிக்கப் பார்ப்பதும் தவறு. காதை விரித்துத் தலையை ஆட்டிப் பிளிறினால் பெரும்பாலும் எச்சரிக்கை, காதை ஒட்டவைத்துத் துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் நிஜத் தாக்குதல் என்று சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் எப்போதும் அப்படியே நடக்கும் என்று நம்பி நிற்க முடியாது. நெற்றிப்பொட்டில் மதநீர் வழியும் ஆண் யானையை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆப்பிரிக்க யானைக்கும் மதம் பிடிக்கும். ஆனால் அங்கே பெண் யானைகளுக்கும் கன்னத்தில் அப்படி ஈரம் வழிவதுண்டு, நம் அறிவை வைத்து முடிவெடுத்தால் தப்பாகிவிடும். பார்த்தால் சொல்லுங்கள், முடிவைக் கைடிடம் விடுங்கள். அவர் தோளில் துப்பாக்கி இருக்கும். அதை எடுக்கவே தேவையில்லாமல் கூட்டிப்போவதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

புல் தின்னும் பிராணிதானே என்ற அலட்சியமும் வேண்டாம். 2011-ல் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் நடந்த ஒரு மவுன்டன் பைக் பந்தயத்தில் ஹார்ட்டிபீஸ்ட் என்ற பெரிய மான் ஒன்று குறுக்கே பாய்ந்து ஓட்டுநரைத் தூக்கி வீசியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தார்.

கென்யாவின் ஹெல்ஸ் கேட் பூங்காவில் வாடகை சைக்கிள் எடுத்து, கைடு இல்லாமலே வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி நடுவே ஓட்டியவர்கள் துலியையும் அதே மாதிரி நினைத்து வருவதுண்டு. ஹெல்ஸ் கேட் திறந்த புல்வெளி, தூரத்திலிருந்தே எதுவும் தெரியும். துலியில் பார்வை புதரில் முட்டி நிற்கும். இரண்டும் ஒன்றல்ல.

சாமான் விஷயத்தில் முள்தான் எதிரி. வேலமர இனங்களின் நீள முள் ஒரு பக்கம், நம் ஊர் நெருஞ்சி இனம் இன்னொரு பக்கம். ட்யூப்லெஸ் டயரில் சீலன்ட் (முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பஞ்சர் ஒட்டுவதற்காகக் காட்டு நடுவில் எல்லோரும் நிற்பது சங்கடம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஷூவைப் பெடலில் மாட்டும் கிளிப் வகையைவிடச் சாதாரணத் தட்டைப் பெடல் மேல், காலை உடனே தரையில் ஊன்றலாம். பளிச்சென்ற ஜெர்சி வேண்டாம். தண்ணீர் இரண்டு மூன்று லிட்டராவது முதுகில் இருக்கட்டும்.

அப்புறம் பருவம். மே முதல் செப்டம்பர் வரை உலர்காலம், காலையில் நன்றாகக் குளிரும், புதர் மெலிந்து பார்வை விரியும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மழைக்காலத்தில் லிம்போப்போ பெருகினால், தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பான்ட் டிரிஃப்ட் எல்லைச் சாவடியில் ஆற்றைக் கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில்தான் கடக்க வேண்டியிருக்கும், மலேரியா பயமும் கூடும். மாத்திரை பற்றிக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.