மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கையைக் கவனியுங்கோ

மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு வாற எங்கட வன்னிப் பெண்களுக்குப் பெரிய சோதனை கிணத்தடியிலதான் தொடங்குது. அக்குளில நிணநீர்க் கணுக்களை, அதாவது உடம்பு நீரை வடிச்சு அனுப்புற சின்ன முடிச்சுகளை, எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை நீர் தேங்கி வீங்கலாம். மாதங்கள் கழிச்சும் வரும், வருசங்கள் கழிச்சும் வரும். மோதிரம், காப்பு இறுகும். கை பாரமாக இருக்கும். அப்பவே கிளினிக்கில காட்டினால் கட்டுப்படுத்துறது சுகம்.

கையை அசைக்காமல் வைச்சிருக்கச் சொல்லுறவை இருக்கினம். அது பிழை. பிசியோதெரப்பியில சொல்லித் தந்த பயிற்சியை நாளாந்தம் செய்யவேணும், இல்லாட்டித் தோள் இறுகிப்போகும். பாரத்தை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. தொடக்கத்தில வாளி இழுக்கிறதையும் விறகு சுமக்கிறதையும் வீட்டில மற்றவை பார்க்கட்டும். போருக்குப் பிறகு தனிய குடும்பம் நடத்துற பெண்கள் எங்களுக்குள்ள கனபேர். அவைக்கு ரெண்டு குடம் தண்ணி கொண்டுபோய் வைக்க அயலவை நாங்கள்தான் இருக்கிறம். கேட்கும்வரை பார்த்திருக்காதேங்கோ, கேட்க மாட்டினம்.

வயலிலயும், கச்சான் பிடுங்கேக்கையும் கையுறை போடுங்கோ. முள்ளுக் கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் காய்ஞ்சால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக் நாள் மட்டும் பொறுக்கக்கூடாது. அண்டைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, எந்தப் பக்கம் சத்திரசிகிச்சை நடந்தது எண்டதையும் முதலே சொல்லுங்கோ. கிளினிக் கொப்பி கையில இருக்கட்டும்.