காலியாகக் கிடந்த இருக்கை: திருநர்களிடம் பழகுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை செல்லும் நகரப் பேருந்தில், கால் வைக்க இடமில்லாத ஒரு காலை நேரத்திலும் ஒரேயொரு இருக்கை மட்டும் காலியாகக் கிடந்தது. ஜன்னலோரத்தில் திருநங்கை ஒருவர் அமர்ந்திருந்தார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிரைப் போலவே திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை என்பதால், நடத்துநர் மறுபேச்சின்றிச் சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மற்றவர்கள்தாம் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். யார்மீதும் எனக்கு வெறுப்பில்லை என்றே அன்று நம்பியிருந்தேன். முதல் தவறு அந்த நம்பிக்கைதான். திட்டாமல், கேலி செய்யாமல் விலகி நிற்பதை நாம் நாகரிகம் என்று எண்ணிக்கொள்கிறோம். பக்கத்து இருக்கை காலியாகவே வரும் பயணம் எப்படிப்பட்டது என்பது அங்கே அமர்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து அவரருகில் அமர்ந்தபோது அடுத்த தவற்றைச் செய்தேன். அவர் தம் பெயரைச் சொன்னதும், "உங்க நிஜப் பேரு என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இப்ப சொன்னேனே, அதுதாங்க" என்றவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பழைய பெயரைக் கேட்பதும், "ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்பதும் அக்கறையின் அடையாளம் அல்ல. பாலின அடையாளத்தை ஏற்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்த பிறகும், அதே கேள்வியை நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"அது வருது பாரு" என்று சொல்வது இன்னொரு பழக்கம். நம் வீடுகளில் குழந்தையையும் தங்கையையும் 'அது' என்று செல்லமாகச் சொல்வதுண்டுதான். ஆனால் அறிமுகமற்ற ஒருவரை அப்படிச் சொல்கையில் அதில் செல்லம் ஏது? தொல்காப்பியமே பேடியரை, அதாவது ஆண்மை திரிந்தவரை, உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறது. 'அவர்' என்பதோ, வயதுக்கேற்ப 'அக்கா', 'அம்மா' என்பதோ போதும். தம்மை ஆணாக உணர்ந்து வாழும் திருநம்பிகள் என்றும் சிலர் இருக்கிறார்கள் என்பதே பலருக்கு நினைவில் வருவதில்லை. அவர்களுக்கு 'அண்ணே', 'தம்பி' எல்லாம் பொருந்தும்.

தெய்வமாக்கி வைப்பதைத்தான் நான் இவை எல்லாவற்றிலும் நுட்பமான தவறாகக் கருதுகிறேன். டெல்டாவில் ஒரு கடைத் திறப்பில், கடைக்காரர் திருநங்கை ஒருவரை அழைத்துத் தலைகுனிந்து ஆசி வாங்கி, அவர் திருப்பிக் கொடுத்த ஒற்றை நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து கல்லாவில் வைத்ததைப் பார்த்தேன். கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு வீடு காலியாக இருந்தது. அதை அந்தத் திருநங்கை விசாரித்தபோது, "ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாரு" என்ற பதில் வந்தது. அறிவிப்புப் பலகை அடுத்த மாதமும் தொங்கிக்கொண்டிருந்தது.

பெற்றோர் செய்யும் தவறு பெரும்பாலும் பயத்தில் பிறப்பது. பரிகாரம் செய்தும், அவசரமாகக் கல்யாணம் முடித்தும் பிள்ளையை 'மாற்றிவிடலாம்' என்று எண்ணுகிறார்கள். மாற்றுவதற்கு அங்கே நோய் எதுவும் இல்லை. அப்படி 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இலேயே சொல்லிவிட்டது.

சாதித்தவரைக் காட்டி மற்றவரைக் குத்துவதும் உண்டு. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை நர்த்தகி நடராஜைச் சொல்லி, "அவங்கள மாதிரி முன்னேற வேண்டியதுதானே" என்பார்கள். தம் பிள்ளைக்குப் பத்மஸ்ரீ கிடைத்தால்தான் வீட்டில் சோறு என்று இவர்களில் எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

தவறிவிட்டால் நீண்ட மன்னிப்புரை தேவையில்லை. அதைக் கேட்டு நம்மைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அடுத்த முறை அதே பேருந்தில் பார்த்தபோது, "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் தம் அண்ணனின் குறுவை நெல் கொள்முதல் நிலையத்தில் நான்கு நாளாகக் குவிந்து கிடப்பதைச் சொல்லத் தொடங்கினார். இறங்கும்வரை நெல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.