ஆய்வகத்துக்குப் போகும் முன்: உணவு ஆலையில் மாதிரி எடுப்பது எப்படி

ஆய்வக அறிக்கை தன்னிடம் வந்து சேர்ந்த 25 கிராமைப் பற்றி மட்டுமே பேசும். அந்த 25 கிராம் 10 டன் சரக்கின் நிலையைக் காட்டுகிறதா, எடுத்தவர் கையிலிருந்து அதில் ஏதாவது சேர்ந்ததா, வழியில் சூடேறி நுண்ணுயிர் பெருகியதா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்காது. எதிர்பாராத எண்ணிக்கை வந்தால் ஆய்வகத்தைச் சந்தேகிப்பது எளிது. அதற்கு முன் மாதிரி எடுத்த வால்வையும் அனுப்பிய ஐஸ் பெட்டியையும் பாருங்கள்.

எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறோம்?

இதற்குப் பதில் தெரியாமல் பையைத் திறக்க வேண்டாம். எங்கே, எப்போது, எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் என்பதையெல்லாம் அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

லாட் (ஒன்றாகக் கணக்கிடும் சரக்குத் தொகுதி) முழுவதும் எப்படி இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் நேரத்தையோ பெட்டி எண்ணையோ முன்கூட்டியே ரேண்டமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டிய பெட்டியும் பார்வைக்கு நன்றாக இருக்கும் பொட்டலமும் ரேண்டம் ஆகாது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று தேடுவதானால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் பொருள், இடையில் நின்று மீண்டும் ஓடியபின் வருவது, ஷிப்ட் முடிவில் வருவது ஆகியவற்றை வேண்டுமென்றே எடுங்கள். இந்த இரண்டு வகை முடிவுகளையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் போக்கு எதுவும் புரியாது.

ஒவ்வாமைப் பொருள் மீதி இருக்கிறதா என்று பார்க்க, தயாரிப்பு மாறியபின் வெளிவரும் முதல் பொட்டலங்களே வேண்டும். அரை மணி நேரம் ஓடியபின் எடுத்தால், மிச்சமிருந்ததை நடுவில் போன சரக்கு துடைத்துக்கொண்டு போயிருக்கும்.

லாட் என்பதன் எல்லையையும் அப்போதே எழுதி வையுங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஒரு முழுச் சுத்தம் முதல் அடுத்த முழுச் சுத்தம் வரை என்று வகுப்பதுதான் பாதுகாப்பு. பொட்டலத்தில் அச்சடித்த பேட்ச் எண் மாறியதால் மட்டும் லாட் பிரிந்துவிடாது. அதே பைப்பில், அதே கத்தியில், சுத்தம் செய்யாமல் ஓடியது எல்லாம் ஒன்றுதான்.

எத்தனை, எவ்வளவு?

ஐந்து மாதிரி எடுத்து ஐந்திலும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இல்லை என்றால் லாட் சுத்தம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. லாட்டில் 5 சதவீத அலகுகள் மாசுபட்டிருந்தாலும், ஐந்து மாதிரித் திட்டம் அந்த லாட்டை 100 முறைக்கு 77 முறை நல்லது என்று விட்டுவிடும். 60 மாதிரி எடுத்தால் அது ஏறக்குறைய 5 முறையாகக் குறையும். மாசு 1 சதவீதமே என்றால் 60 மாதிரியும் பாதிக்கு மேல் தவறவிடும். குழந்தைகளுக்கான பால்மாவுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2008-இல் வகுத்த விதியில் சால்மொனெல்லாவுக்கு 25 கிராம் வீதம் 60 மாதிரிகளும், குரோனோபாக்டர் என்ற இன்னொரு கிருமிக்கு 10 கிராம் வீதம் 30 மாதிரிகளும் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

நோய்க்கிருமிக்கு இருக்கிறது, இல்லை என்ற இரண்டே முடிவுதான். மொத்த நுண்ணுயிர், பூஞ்சை போன்ற எண்ணிக்கைகளுக்கு மூன்று வகுப்புத் திட்டம் பொருந்தும். நல்லது, ஏற்கலாம், ஏற்கக் கூடாது என்று இரண்டு எல்லைகள் இருக்கும். ஐந்தில் இத்தனை மாதிரிகள் நடுப்பகுதியில் இருக்கலாம், ஒன்றுகூட மேல் எல்லையைத் தாண்டக் கூடாது என்று விதிப்பார்கள். இங்கே ஐந்து மாதிரியையும் ஒன்றாகக் கலந்து ஒரே சோதனை செய்யாதீர்கள். கலந்தால் சராசரிதான் கிடைக்கும், மிக மோசமான அந்த ஒரு பொட்டலம் மற்ற நான்கில் கரைந்து மறைந்துவிடும். சால்மொனெல்லா போல இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் 15 மாதிரிகளிலிருந்து 25 கிராம் வீதம் சேர்த்து 375 கிராமாக வளர்க்கலாம். ஆனால் அந்த அளவுக்கும் அந்தப் பொருளுக்கும் முறை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் விஷயம் தனி. நச்சு சில கொட்டைகளில் மட்டும் குவிந்திருக்கும், பக்கத்திலிருக்கும் கொட்டையில் ஒன்றும் இருக்காது. ஒரு கைப்பிடி எடுத்தால் அந்தக் கொட்டை சிக்காது, சிக்கிவிட்டால் அளவு தாறுமாறாக ஏறும். லாட்டின் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து, கிலோக் கணக்கில் சேர்த்து, முழுவதையும் அரைத்த பிறகே சோதனைக்கான சிறு பகுதியைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டு அரைத்தால் பாடுபட்டுச் சேர்த்தது வீண்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஒவ்வொரு மாதிரியும் குறைந்தது 100 கிராம் இருக்கட்டும். 25 கிராம் சோதனைக்கு 25 கிராம் மட்டும் அனுப்பினால், ஆய்வகத்தில் கொஞ்சம் சிந்தினாலே முடிந்தது.

கருவியும் பாத்திரமும்

கரண்டி, ஸ்கூப், மூட்டையில் குத்தி எடுக்கும் குழாய் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். அலுமினியத் தாளில் சுற்றி ஆட்டோக்ளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வையுங்கள். உலர் அடுப்பானால் 170 டிகிரியில் ஒரு மணி நேரம். ஒரு மாதிரிக்கு ஒரு கருவி. இரண்டு மாதிரிக்கு நடுவில் ஆல்கஹாலில் தோய்த்துக் கொளுத்தும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மாவும் பால்பவுடரும் பறக்கும் அறையில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம், தூசு வெடிக்கும். தேவையான எண்ணிக்கையில் சுத்திகரித்த கருவிகளைக் கொண்டுபோவது அதைவிட மலிவு.

கண்ணாடிப் பாட்டில் உற்பத்தித் தளத்துக்குள் போகக் கூடாது. உடைந்தால் மாதிரியோடு லாட்டும் போகும். நுண்ணுயிர்ச் சோதனைக்குக் கம்பி வைத்த ஸ்டெரைல் பை போதும். வேதிச் சோதனைகளில் பாத்திரம் முடிவையே மாற்றும்: பிளாஸ்டிக்கிலிருந்து பிளாஸ்டிசைசர் (அதை நெகிழ வைக்கும் ரசாயனம்) எண்ணெய்ப் பொருளுக்குள் இறங்கும், எஃகுக் கரண்டியிலிருந்து குரோமியமும் நிக்கலும் உலோகச் சோதனையில் தெரியும், ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளிச்சத்தில் சிதையும். ஈரப்பதமும் எண்ணெய் எவ்வளவு சிக்கடித்திருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பும் பார்க்கப் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். நுண்ணுயிர்ப் பையை முக்கால் அளவோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் ஆய்வகத்தில் குலுக்கிக் கலக்க இடமிருக்காது. இரண்டும் தேவைப்பட்டால் இரண்டு பாத்திரம், நுண்ணுயிருக்கானது முதலில்.

எடுக்கும்போது

கடைக்குப் போகும் பொட்டலமாக இருந்தால் திறக்கவே வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். திறந்துதான் எடுக்க வேண்டும் என்றால்:

1. லேபிளை முதலில் எழுதி ஒட்டுங்கள். ஈரமான, குளிர்ந்த பையில் பேனா எழுதாது.
2. கையைக் கழுவி உலர்த்தி, புதுக் கையுறை போட்டு, அதன்மேல் 70 சதவீத ஆல்கஹால் தெளித்து உலரவிடுங்கள். 95 சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லும் என்பது தவறு. புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். ஸ்போர்கள் (பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகள்) எந்த ஆல்கஹாலுக்கும் அசையாது.
3. திறக்கப் போகும் இடத்தைத் துடையுங்கள். மூட்டை என்றால் உலர்ந்த துணியால் தூசியை எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். தையலைப் பிரித்தால் அதிலிருக்கும் தூசி உள்ளே கொட்டும்.
4. பையை அதன் காதுகளைப் பிடித்து இழுத்துத் திறங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், வாயால் ஊதிப் பிரிக்காதீர்கள். ஜாடியானால் மூடியை மேசையில் வைக்காமல், உட்புறம் கீழே பார்க்க இன்னொரு கையிலேயே பிடித்திருங்கள்.
5. திறந்த பையின்மேல் கையை நீட்டாமல், பேசாமல், எடுத்துப் போட்டு உடனே மூடுங்கள். காற்றை வெளியேற்றி, மூன்று நான்கு முறை சுருட்டி, கம்பியின் முனைகளை உட்புறமாக மடக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பக்கத்துப் பையைக் குத்தி ஓட்டை போடும்.
6. வெப்பநிலையை மாதிரியில் அளக்காதீர்கள். அதே இடத்திலிருந்து தனியாக எடுத்த பகுதியில் அளந்து, அதைக் கொட்டிவிடுங்கள்.

பவுடரில் மேலேயிருந்து ஒரு ஸ்கூப் எடுப்பது ஏமாற்றும். குலுங்கக் குலுங்க மென்துகள் அடியில் இறங்கும், பெரிய துகள் மேலே நிற்கும். மூட்டையில் மூலைவிட்டமாகக் குழாயைச் செருகி மேலும் நடுவும் அடியும் சேர்த்து எடுங்கள். பொருள் கொட்டிக்கொண்டிருக்கும்போது பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது ஓட்டத்தின் ஓரத்தில் ஏந்தாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பாத்திரத்தை ஒரே வேகத்தில் குறுக்கே நகர்த்துங்கள். சேர்ந்ததைக் குறைக்க, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இது வேதிச் சோதனைக்கான மாதிரிக்கு மட்டும்தான், திறந்த தட்டில் பரப்பியது நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஆகாது.

திரவத் தொட்டியில் கொழுப்பு மேலே மிதக்கும், கனமானது அடியில் தங்கும். கலக்கியைப் போதிய நேரம் ஓடவிட்டபின் எடுங்கள். வால்வு வழியாக எடுத்தால், உள்ளே தேங்கியிருக்கும் பழைய சரக்குதான் முதலில் வரும். வாயைத் துடைத்து, ஆல்கஹால் தெளித்து ஒரு நிமிடமாவது விட்டு, பிறகு திறந்து வால்வின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு ஓட விட்டபின் பிடியுங்கள். ஓட்டத்தைப் பாதியில் மூடித் திறக்க வேண்டாம், வால்வின் ஓரங்களில் ஒட்டியிருப்பது பெயர்ந்து வரும். வால்வு மாதிரி எப்போதும் அதிகமாகவும், அதே சரக்கு அடைத்த பொட்டலம் குறைவாகவும் காட்டினால் வால்வைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் அடைப்பில் ஸ்டெரைல் ஊசியைச் செருகி எடுக்கும் வகைக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

பரப்பிலிருந்து ஸ்வாப்

ஸ்வாப் என்பது பரப்பைத் துடைத்து மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி அல்லது ஸ்பாஞ்ச். நுண்ணுயிர் எண்ணிக்கைக்கு 100 சதுர சென்டிமீட்டர் போதும், எப்போதும் அதே அளவை எடுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைத் தேடுகிறீர்கள் என்றால் 1000 முதல் 3000 சதுர சென்டிமீட்டர்வரை ஸ்பாஞ்சால் அழுத்தித் தேயுங்கள். சுத்தம் செய்த உடனே எடுத்தால் எல்லாம் நெகட்டிவாக வந்து மனது குளிரும். உற்பத்தி இரண்டு மணி நேரமாவது ஓடிய பிறகு எடுங்கள். அதற்குள் பிளவுகளில் ஒளிந்திருப்பது அதிர்விலும் ஈரத்திலும் வெளியே வந்திருக்கும்.

கிருமிநாசினி மிச்சம் ஸ்வாப்பில் ஏறினால், ஆய்வகம் போகும் வழியிலேயே அது நுண்ணுயிரைக் கொன்றுவிடும், அறிக்கை அழகாக வரும். அதை முறிக்கும் திரவத்தில் ஸ்வாப் நனைந்திருக்க வேண்டும்: குளோரினுக்கு சோடியம் தயோசல்ஃபேட், குவாட்டர்னரி அம்மோனியம் வகைக்கு லெசித்தினும் ட்வீன் 80-உம். நீங்கள் பயன்படுத்தும் கிருமிநாசினியின் பெயரைச் சொல்லி ஸ்வாப் வாங்குங்கள். உணவு தொடும் பரப்பை முதலில் எடுங்கள், தரையும் வடிகாலும் கடைசியில்.

பெட்டியில் வைப்பது

சீக்கிரம் கெடும் மாதிரியை 0 முதல் 4 டிகிரியில் வைத்து, கூடிய சீக்கிரம், எப்படியும் 36 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பும் பெட்டி திங்கள்வரை யாரோ ஒருவர் அறையில் கிடக்கும். நாளைப் பார்த்து எடுங்கள்.

ஐஸ் பெட்டி குளிரைக் காக்குமே தவிர, சூடான பொருளை ஆற்றாது. சமைத்த பொருளைப் பையோடு ஐஸ் தண்ணீரில் விட்டுக் குளிரவைத்தபின், முன்பே குளிரூட்டிய பெட்டியில் வையுங்கள். ஜெல் பாக்கெட்டுக்கும் மாதிரிக்கும் நடுவில் ஒரு அட்டை இருக்கட்டும். தொட்டுக்கொண்டிருந்தால் ஓரம் உறையும். உறையாத மாதிரியை உறையவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி அல்ல. காம்பிலோபாக்டர் போன்ற நோய்க்கிருமிகள் அதில் பெருமளவு சாகும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் வெறும் குளிரிலேயே குறையத் தொடங்கும். ஆகவே அதைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் எடுக்கும் முன்பே ஆய்வகத்திடம் பேசிவிடுங்கள்.

உறைந்த பொருள் உறைந்தபடியே, மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். உலர் ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டால் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள். வாயு சேர்ந்து பெட்டி வெடிக்கும், மூடிய வண்டியில் ஓட்டுநருக்கும் மூச்சுத் திணறும். உலர்ந்த பொருளுக்குக் குளிர் தேவையில்லை. குளிர்ந்த பையைத் திறந்ததும் ஈரம் படிவதுதான் மிச்சம்.

ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மாதிரிகளோடு வையுங்கள், ஆய்வகத்தில் அதில்தான் வெப்பநிலை பார்ப்பார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் திறந்து மூடிய காலிப் பை ஒன்றும், திறக்காத பை ஒன்றும் கூட இருக்கட்டும். முடிவு விசித்திரமாக வந்தால் காற்றா, பையா, பொருளா என்று இவைதான் பிரித்துச் சொல்லும்.

லேபிளில் பொருள், லாட், உற்பத்தி லைன், எடுத்த இடம், தேதி, நேரம், எடுத்தபோது வெப்பநிலை, எடுத்தவர், கேட்கும் சோதனை எல்லாம் இருக்கட்டும். "லைன் 2" என்று மட்டும் எழுதினால் போதாது, "லைன் 2, நிரப்பும் முனை 4" என்று எழுதினால்தான் பிறகு தேட முடியும். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறும்.

முடிவு வரும்வரை

நோய்க்கிருமிக்கு எடுத்த லாட் முழுவதையும் தடுத்து வையுங்கள். அனுப்பிவிட்டுப் பாசிட்டிவ் வந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது தவிர வழியில்லை. நோய்க்கிருமியை ஆலைக்குள் வளர்த்துச் சோதிக்கவும் வேண்டாம். ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வகத்தின் பெயருக்கு இருந்தால் மட்டும் போதாது.

பாசிட்டிவ் வந்ததும் மீண்டும் எடுத்துச் சோதிப்போம் என்ற குரல் எழும். கிருமி லாட்டில் சமமாகப் பரவியிருப்பதில்லை. இரண்டாவது மாதிரி நெகட்டிவாக வந்தால் அது வேறொரு 25 கிராமைப் பற்றிய செய்தி, முதல் முடிவை ரத்து செய்யாது. மறு மாதிரி எடுப்பதானால் காரணத்தைக் கண்டுபிடிக்க எடுங்கள்: அந்த லாட்டுக்கு முன்னும் பின்னும் ஓடியது, மூலப்பொருள், இயந்திரத்தின் திறந்த பாகங்கள். ஒதுக்கி வைத்த மாதிரிகள் இங்கேதான் கைகொடுக்கும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் விற்பனைப் பொட்டலத்திலேயே சிலவற்றை, லேபிளில் சொன்ன வெப்பநிலையில், காலாவதித் தேதி தாண்டியும் சில காலம்வரை பூட்டி வையுங்கள்.