நீலகிரியில் மடையான்: எந்த மாதம், எந்தச் சரிவு?

வெளிநாட்டிலிருந்து நீலகிரிக்கு வருகிறவர்கள் பறவை பார்க்க ஒரு காலைப்பொழுது கிடைத்தால் சோலைக்காட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். மலைக்கே உரிய பறவைகளைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது மடையானை. குளத்துக் கொக்கு என்றும் சொல்வார்கள். வனத்துறை அனுமதி தேவையில்லை, மலையேற வேண்டாம், சாலையோர வயலிலேயே அசையாமல் நின்று காட்சி தரும். ஒரே பறவை, பருவத்துக்கு ஒரு கோலம் கொள்ளும். அந்தக் கோலத்தைக் காண வேண்டுமென்றால் மாதத்தையும் மலையின் சரிவையும் பார்த்துத் திட்டமிட வேண்டும். இதை ஏனோ எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை.

முதலில் அடையாளம். ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான நீளம். கழுத்தை உள்ளிழுத்துக் குறுகி நிற்கும்போது கோழியைவிடச் சிறிதாகத் தெரியும். முதுகு மண்பழுப்பு, கழுத்திலும் மார்பிலும் நெடுக்குக் கோடுகள், கண் மஞ்சள், கால் மங்கிய பச்சை. வரப்பில் நின்றால் வரப்போடு வரப்பாகிவிடும். பத்தடி தூரத்தில் நடந்து போகிறவர்களே பார்க்கமாட்டார்கள். நெருங்கியதும் கரகரவென்று ஒரு கத்தல் கத்திப் பறக்கும். அந்த நொடியில் இறக்கை இரண்டும் தூய வெள்ளையாக விரியும். பழுப்புப் பறவை எங்கே போனது, வெள்ளைப் பறவை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இறங்கி இறக்கையை மடக்கியதும் மறுபடி மண்.

இது ஆண்டு முழுவதும் தமிழ்நாட்டில் இருக்கும் பறவை. கடல் கடந்து வலசை போவதில்லை. தண்ணீரைத் தேடி அக்கம்பக்கத்தில் இடம் மாறும், அவ்வளவுதான். எண்ணிக்கை உயரத்தைப் பொறுத்தது. சமவெளியில், மேட்டுப்பாளையம் சிறுமுகைப் பக்கமும் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் ஓரங்களிலும், கேட்க வேண்டியதே இல்லை, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூர் வயல்களிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். 2,200 மீட்டரைத் தாண்டிய உதகையில் ஒன்றிரண்டு கிடைத்தாலே மகிழ்ச்சி. அங்கே தேயிலையும் காய்கறியும் யூகலிப்டஸும்தான் நிலத்தை நிரப்பியிருக்கின்றன. தவளையும் நண்டும் மலிந்த ஆழமில்லாத சேற்றுநீர் குறைவு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முயற்சியில் உருவான உதகை ஏரியே முன்பிருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. பஸ் நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அந்த நீர்ப்பரப்பில் எழுந்தவைதான். படகுத்துறைக் கூச்சலுக்கு எட்டாத, நாணல் மண்டிய ஓரத்தில் தேடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நீலகிரிக்கு இரண்டு மழை. மேற்குச் சரிவான கூடலூர், பந்தலூர், தேவாலா ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் ஊறும். கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரி, அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் ஆகியவை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையை எதிர்பார்த்திருக்கும். மடையான் கூடு கட்டுவது மழையை ஒட்டித்தான். தென்மேற்கு மழை பெறும் பகுதிகளில் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு மழை பெறும் பகுதிகளில் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. மழை முந்தினால் முந்தும், பிந்தினால் பிந்தும். ஒரே வயலில் ஒன்று கோலம் மாறியும் மற்றொன்று பழைய பழுப்பிலும் நிற்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இனப்பெருக்கக் காலத்து மடையானைப் பழைய பறவையோடு சேர்த்துச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தலையும் கழுத்தும் கோடுகள் மறைந்து இளமஞ்சள் பழுப்பாகிவிடும். முதுகில் அரக்குப் பட்டுப் போல ஆழ்ந்த செம்மை, மெல்லிய இழைகளாகப் பிரிந்து இறக்கையின்மேல் வழியும். பிடரியில் இரண்டு மூன்று வெள்ளைத் தூவிகள் நீண்டு தொங்கும். அலகின் அடியில் நீலம் ஏறும், நுனி கறுப்பு. சில பறவைகளுக்குக் கால்கூடச் சிவந்துவிடும்.

ஆகவே ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்கள் கூடலூர்ப் பக்கம் போங்கள். வயநாடன் செட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் வயல்கள் ஸ்ரீமதுரை, நெலாக்கோட்டைப் பகுதிகளில் இன்றும் உண்டு. உழவும் நடவும் நடக்கும் அந்த நாட்களில் மடையானோடு உண்ணிக் கொக்கும் சின்ன வெள்ளைக் கொக்கும் சேற்றில் இறங்கும். உண்ணிக் கொக்கு ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே நடக்கும். மடையானுக்கு அந்த அவசரம் கிடையாது. அது ஒதுங்கி ஒரு மடை வாயில் நிற்கும். தலையைத் தாழ்த்தி, உடம்பை முன்னே சாய்த்து, ஒரு காலை எடுத்து வைப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும். பிறகு கழுத்து நீண்டது தெரியாமலே ஒரு தவளை அலகில் இருக்கும். தவளையை இரண்டு மூன்று முறை திருப்பி, தலை முதலில் போகும்படி வைத்துத்தான் விழுங்கும். இதைப் பார்க்க பைனாகுலர் தேவை, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 போதும்.

கூடலூர் மழை சாதாரண மழையல்ல. குடையைவிட மழைக்கோட்டு உதவும். அட்டைகள் கணுக்காலில் ஏறும், உப்பும் நீண்ட காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் உதகையிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும் மலைப்பாதையைத் தவிர்த்துவிடுங்கள். இவற்றைவிட முக்கியம் யானை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் யானைகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. விடியற்காலையில்தான் பறவை பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஏழரை மணிக்கு மேல், ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வயலில் இறங்குங்கள். மடையான் பகல் முழுவதும் இருக்கும், எங்கேயும் போகாது.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்களுக்குக் கூடலூர் வயல் அறுவடை முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். அங்கு காண்பது பெரும்பாலும் பழுப்புக் கோலம்தான். அந்த மாதங்களில் அடிவாரத்திலேயே ஒரு நாள் தங்குங்கள். சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். பலர் இறங்கியதும் மலை ரயிலில் ஏறிவிடுகிறார்கள். ஒரு நாள் பொறுத்து ஏறினால் பவானிக் கரையையும் சிறுமுகை வாய்க்கால்களையும் பார்த்துவிடலாம். மாலையில் மடையான்கள் காக்கையோடும் வெள்ளைக் கொக்குகளோடும் பெரிய மரங்களில் வந்து அடையும், அந்த நேரத்தை விடவேண்டாம். உதகையில் இந்த மாதங்களில் உறைபனி விழும். வெயில் ஏறுமுன் ஏரிக்கரையில் நின்று நடுங்குவதில் பயனில்லை.

ஏப்ரல், மே மாதங்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சாலையே நகராது.

மடையானோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு. வக்கா என்ற இராக்கொக்கின் குஞ்சு பழுப்பாக இருக்கும். ஆனால் உடல் பருமன், முதுகில் வெள்ளைப் புள்ளிகள், பறக்கும்போது இறக்கை வெளுக்காது. தோசிக் கொக்கு சாம்பல் நிறம், தலையில் கறுப்பு. தெப்பக்காடு வழியாக ஓடும் மாயாற்றைப் போல நிழல் கவிந்த ஆற்றோரம் அதற்குப் பிடித்தது. முதுமலையில் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போகலாம். ஆகவே தோசிக் கொக்கைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இலங்கையில் வேர் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: மலாயன் நைட் ஹெரான் என்ற செம்பழுப்பு இராக்கொக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மழைக்காலத்தில் கூடு கட்டுகிறது, இலங்கைக்கு அது குளிர்கால விருந்தாளி. தேயிலை வேலைக்காக அங்கே போய், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்த குடும்பங்களின் உறவினர்கள்தானே இன்று உங்களில் பலர். அந்தப் பறவையைத் தேடிக் காட்டுக்குள் போகச் சொல்லவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

காரில் வருவதானால் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிவு செய்து பெறும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை உள்ளது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி கொண்டு பதிவு செய்யலாம். அரசு பஸ்ஸில் ஏறினால் இந்தக் கவலை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் மலையில் தடை செய்யப்பட்டது. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

ஒரு வேண்டுகோள். சமவெளிச் சாலையோரங்களில் சில இடங்களில் கொக்குக் கறி என்று இரகசியமாக விற்பார்கள். ஊர் ருசி என்ற ஆசையில் வாங்கிவிடாதீர்கள். கண்ணி வைத்துப் பிடித்த மடையானும் அதில் இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாங்குகிறவர் இருக்கும்வரை கண்ணி வைப்பவரும் இருப்பார். வெளிநாட்டுப் பணம் அந்தக் கண்ணிக்குப் போகக் கூடாது.

பொங்கலுக்கு ஊரில் இருப்பீர்களானால், 2015 முதல் ஜனவரியில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். கைபேசியில் பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) செயலி போதும். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிவு செய்து, முழுப் பட்டியல் என்று குறியிடுங்கள். உதகை ஏரியில் மடையான் ஒன்றுகூடத் தென்படாத பட்டியலையும் அனுப்புங்கள். எந்த உயரத்தில் எந்த மாதத்தில் இது குறைகிறது என்று கணக்கிடுகிறவர்களுக்கு அதுவும் வேண்டும்.