தடப்பாத்தியத் தகராறில் பலரும் சறுக்கும் இடங்கள்

தடப்பாத்தியம் என்றால் அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமை. பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் காலையில் அந்தப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுகிறார். உடனே நம் வாயில் வருவது, "காலங்காலமா இந்த வழியாத்தான் போய் வர்றோம்" என்பதுதான். அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பி வழக்குக்குப் போவது முதல் தவறு. எந்த உரிமையில் போய் வந்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். அதற்குப் பதில் தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம்.

அது ஊர்ப்பாதையா என்பதை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் அ-பதிவேட்டில் (ஊரில் எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம். அதை அடைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம். இதைப் பார்க்காமலே பக்கத்து வீட்டுக்காரர் மேல் சொந்தப் பாதை என்று வழக்குப் போட்டு, வருடக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

அடுத்தது பத்திரம். உங்கள் பத்திரத்தை மட்டும் படித்தால் போதாது. மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், எதிராளியின் பத்திரம் எல்லாவற்றின் நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். சொத்து விவரத்தின் கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். "மாமூல் தடத்தில் ஆள், வண்டி, கால்நடை போய்வரும் பாத்தியம் சகிதம்" என்று (மாமூல் தடம் என்றால் வழக்கமான பாதை) ஒரு வரி இருக்கும். சில சமயம் நான்கெல்லை சொல்லும் இடத்தில் "பொதுத் தடத்துக்கும் தெற்கு" என்று வந்திருக்கும். அந்தத் தடம் யார் நிலத்தில், எத்தனை அடி அகலத்தில் ஓடுகிறது என்பது எதிராளியின் பத்திரத்தில்தான் தெரியவரும். அவர் வாங்கும்போதே அந்தப் பாத்தியத்துக்கு உட்பட்டுத்தான் வாங்கியிருக்கிறார் என்றால் வழக்கின் பாதி முடிந்த மாதிரி.

பத்திரத்தில் எதுவும் இல்லையா? சரி, "எனக்கு வேறு வழியே இல்லை, அதனால் அவர் விட்டாக வேண்டும்" என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள இப்படிப்பட்ட உரிமைகளைச் சொல்லும் சட்டம்) 13-ஆம் பிரிவில் வரும் அவசியப் பாதை, ஒரே கையில் இருந்த நிலம் விற்பனையாலோ உயிலாலோ பாகத்தாலோ பிரிந்தபோதுதான் பிறக்கும். அண்ணனுக்கு ரோட்டை ஒட்டிய முன்பக்கம், தம்பிக்குப் பின்பக்கம் என்று பாகம் பிரிந்தால், தம்பி அண்ணன் பங்கு வழியாகப் போக உரிமை உண்டு. ஆனால் எந்தப் பக்கமாகப் போகலாம் என்று பாதையைக் காட்டுவது அண்ணன். தம்பிக்கு ஓரளவு வசதியாக இருந்தால் போதும். என்றுமே ஒன்றாக இல்லாத இரண்டு நிலங்களுக்கு இடையே இந்த வாதம் எடுபடாது. சுற்றிக்கொண்டு போக உரிமையுள்ள வேறொரு வழி இருந்தாலும் எடுபடாது. அந்த அவசியம் தீர்ந்த அன்றே பாதை உரிமையும் தீர்ந்துவிடும்.

மிச்சம் இருப்பது 20 ஆண்டு அனுபவம், அதாவது நெடுநாள் பயன்படுத்தி வந்ததால் கிடைக்கும் உரிமை. இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அமைதியாக, வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக 20 ஆண்டு போய்வந்திருக்க வேண்டும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. "அண்ணே, இப்படிப் போய்க்கிறேன்" என்று கேட்டுக்கொண்டு போனால் அது அனுமதி. அனுமதியில் 40 வருடம் நடந்தாலும் உரிமை வராது. இதை நிலத்துக்காரரும் கவனிக்க வேண்டும். நல்ல மனதோடு வழி விடுபவர், இது அனுமதி மட்டுமே என்று ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. அதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது; பிள்ளைகள் காலத்தில் சண்டை வராமல் காப்பது அதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். பாதையை அடைத்தது தெரிந்தும் ஓராண்டு ஒத்துப்போய்விட்டால் அதுவே தடை என்று கணக்காகும். "பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க, பார்ப்போம்" என்று மூன்று வருடம் காத்திருந்தால் அரை நூற்றாண்டு அனுபவமும் கைவிட்டுப் போகலாம். பேச்சு நடக்கட்டும், கூடவே வக்கீல் நோட்டீஸும் போகட்டும்.

பாதையோடு எல்லையிலும் தகராறு என்றால் பட்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. அதேபோல, தனியார் ஆளைக் கூட்டிவந்து டேப் பிடித்து அளந்து கல் நடுவதும் வீண். புலப்படத்தின் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகலை வாங்கி, அரசு நில அளவரை வைத்து, எதிராளிக்கும் அறிவிப்புக் கொடுத்து அளந்தால்தான் அந்த அளவு பேசும். பழைய எல்லைக்கல்லை அதற்குள் யாரும் அசைத்துவிடாமல் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

ஜேசிபி கொண்டுவந்து சுவரை இடிப்பது மிக மோசமான தவறு. உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் அன்றிலிருந்து நீங்கள் குற்றவாளிக் கூண்டில். காவல் நிலையத்தால் உரிமையைத் தீர்மானிக்க முடியாது. அமைதி கெடும் நிலை இருந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

வழக்குப் போடும்போது வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. எதிராளி உங்கள் உரிமையையே மறுத்திருந்தால் உரிமை உங்களுக்கு உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பல ஆண்டு கழித்து அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகலாம்.

சமரசம் ஆனால் ரொம்ப நல்லது. ஆனால் வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். எத்தனை அடி அகலம், டிராக்டர் போகலாமா, குடிநீர்க் குழாய் பதிக்கலாமா என்பதை வரைபடத்தோடு எழுதிப் பதிவு செய்யுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடிக்கலாம்; அந்தத் தீர்வு நீதிமன்ற டிக்ரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், மேல்முறையீடும் கிடையாது.