கூகுள் டிரெண்ட்ஸில் 100 என்றால் எவ்வளவு?

ஒரு சொல்லைக் கூகுளில் மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று வரைபடமாகக் காட்டும் கருவி கூகுள் டிரெண்ட்ஸ். அதில் 100 என்பது நூறு தேடல்கள் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் அந்தச் சொல் தொட்ட உச்சம்தான் 100. மற்றவை அதற்கான விகிதம். 'சென்னை மழை' என்று தேடிப் பார்க்கும்போது 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற ஒரு உச்சம் வந்தால் சாதாரண மழைக்காலங்கள் கோட்டோடு கோடாகப் படுத்துவிடும். தரவு தொடங்கும் 2004இலிருந்து மொத்தமாகப் பார்க்காமல் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள்.

தமிழ்நாடு 100, மகாராஷ்டிரா 50 என்றால் அங்கே பாதிப் பேர் தேடினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தந்த மாநிலத்தின் மொத்தத் தேடலில் இதன் பங்கை ஒப்பிடும் எண் அது; பங்கு அதிகமுள்ள இடத்துக்கு 100. நகரவாரியாகப் பார்க்கும்போது சிறிய புதுச்சேரி பெரிய சென்னையை முந்துவதும் இப்படித்தான்.

மொழிதான் பெரிய வில்லங்கம். 'சென்னை மழை' என்று தமிழில் அடிப்பவரும் உண்டு, அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பவரும் உண்டு. சொல்லாகத் தேடினால் நீங்கள் இட்ட எழுத்துவடிவம் மட்டுமே கணக்கில் வரும். எல்லா வடிவங்களையும் ஒரே பெட்டியில் கூட்டல் குறியிட்டு இணையுங்கள். பெட்டியில் அடிக்கும்போது பரிந்துரையில் 'தலைப்பு' (Topic) என்று வருவதைத் தேர்ந்தால் பல மொழிகளும் சேரும். ஆனால் எதெல்லாம் சேர்ந்தது என்று அது சொல்லாது. கீழே வரும் தொடர்புடைய தேடல்களைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். தலைப்பையும் சொல்லையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள், தலைப்புதான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

0 என்றால் தரவு போதவில்லை, யாருமே தேடவில்லை என்றல்ல. வரைபடத்தின் கடைசியில் புள்ளிக்கோடாக இறங்குவது இன்னும் முடியாத காலம். அதை வீழ்ச்சி என்று எழுதிவிடாதீர்கள்.